பனானா போட்டுக்கு எலுமிச்சம்பழம்

மலேசியாவின் மோரிப் கடற்கரையில் பனானா போட் சவாரி விடுபவர் அவர். கறுப்புக் கண்ணாடி, உப்புக்காற்றிலும் கலையாத திருநீறு. புது வண்டிக்கு வைப்பதுபோல் ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் படகுக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். அது நசுங்கினால்தான் படகைக் கடலில் இறக்குவார்.

நாங்கள் போன அன்று, வாழைப்பழ வடிவில் காற்றடைத்த அந்த ரப்பர் படகுக்கடியில் பழம் நசுங்கவே இல்லை.

"குடும்பத்தோட ஏறி நல்லா குதிங்கண்ணே," என்றார்.

நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் லைஃப் ஜாக்கெட்டோடு, மணலில் கிடந்த படகின்மேல் அரைமணி நேரம் குதித்தோம். பழம் மணலுக்குள் புதைந்ததே தவிர நசுங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கடல் வற்றி வெகுதூரம் போயிருந்தது. எதிரே வெறும் சேறு.

"பாத்தீங்களாண்ணே, கடலே போயிருச்சு. நல்லவேளை, நாம அதுல இல்ல லா."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை.