கத்தி ஏறாத வருடம்

கத்தியைக் காலால் உதைத்து ஏற்றும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். பெரிய சத்தமில்லை, தாழ்ப்பாள் விழுகிற அளவுதான். ஆனால் தண்ணீர் மேல் சத்தம் நன்றாகப் போகும். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும் அப்பாவின் பலகையிலிருந்து அது கேட்டால் நான் பாயின் கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இனி அவர் என்னைத் தாண்டிப் போக அதிக நேரம் ஆகாது என்று அர்த்தம். இன்றைக்கும் எங்காவது கதவு அப்படிச் சாத்தப்பட்டால் நான் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பாய் விரித்து ஓட்டுகிற விளையாட்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அப்பா துடியலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு என்ஜினியர். அங்கே புது மெஷின் பூட்டுவதற்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கைகால் சும்மா இருக்காத மனுஷர். மெஷின் வந்த பெட்டிகளோடு இரண்டு விண்ட்சர்ஃபிங் பலகைகளையும் வரவழைத்திருந்தார். இப்போது படங்களில் பார்க்கிற மாதிரி அலை மேல் துள்ளுகிற குட்டைப் பலகைகள் அல்ல. இரண்டு ஆள் நீளம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். நடுவில் பாயை நட்டு, அதன் குறுக்குக் கம்பைக் கையில் பிடித்து, நின்றபடியே ஓட்ட வேண்டும். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது இரண்டையும் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்பா அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டார், இறக்கவே இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு அணை. அதன் கரையில் மில்லுக்கு ஒரு விருந்தினர் விடுதி இருந்ததால் எங்களுக்குத் தண்ணீரில் இறங்கத் தடை இருக்கவில்லை. ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வர ஆரம்பிக்கும். ஆடியில் தண்ணீரும் ஏறிவிடும். அப்பா இரண்டு நீல டிரம்களைக் கல் கட்டி மிதக்க விட்டிருந்தார். ஒன்று கரையோரம், இன்னொன்று மலைப் பக்கம் வெகு தூரத்தில். கரை டிரம்மிலிருந்து கிளம்பி, காற்றை எதிர்த்து மலை டிரம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு, காற்றோடு திரும்பி வர வேண்டும். அதுதான் எங்கள் போட்டி.

காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். அப்போது காற்று பலகையைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பதற்குத்தான் பலகையின் நடுவில் உள்ள பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் டேகர்போர்டு. எங்கள் வீட்டில் அதற்குக் கத்தி என்று பெயர். மலை டிரம் வரை கத்தி கீழே இருக்க வேண்டும். டிரம்மைச் சுற்றிக் காற்றுக்கு முதுகைக் காட்டியதும் அதைக் காலால் உதைத்து மேலே ஏற்றிவிட வேண்டும். ஏற்றாமல் விட்டால் பலகை ஒருக்களித்துக்கொண்டு தள்ளாடும், வேகம் போய்விடும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் போதும், நான் சொல்ல வருவதும் புரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா என்னைத் தன்னோடு போட்டிக்கு இறக்கிவிட்டார். எல்லா அப்பாக்களும் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்று கேள்வி. எனக்கு வாய்த்தவர் அப்படியல்ல. மலை டிரம்மில் நான் பாயோடு விழுந்து கிடந்தாலும் “மெல்ல எந்திரிச்சு வாங்க அம்மணி, நா கரைக்குப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போவார். ஊரெல்லாம் பேர் வாங்கிய மரியாதைக்காரர். டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவரைக்கூட ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார். பேருந்தில் ஏறினால் எல்லோரையும் ஏற்றிவிட்டுத்தான் ஏறுவார். இந்த மனுஷனுக்குத் தண்ணீரில் இறங்கியதும் மட்டும் என்ன வந்துவிடுகிறது என்று அம்மா ஆச்சரியப்படுவாள். நான் அழுதிருக்கிறேன், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். அவர் மசியவில்லை.

கல்லூரி முடித்த வருடம் ஒரே ஒரு முறை நான் அவரை ஜெயித்தேன். சுத்தமாக ஜெயித்தேன். மலை டிரம்மில் அவருக்கு முன்னால் சுற்றி, அவருடைய ‘டொக்’ காதில் விழுந்தும் திரும்பிப் பார்க்காமல் கரை வந்து சேர்ந்தேன். அப்பா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு யாரோடும் பேசாமல் விடுதித் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா சொன்னாள்: “பொண்ணுகிட்டத் தோத்துப்போட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாரு.” பிற்பாடு அலுவலகத்தில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். அப்பாவின் அந்த முகத்துக்கு ஈடாக எதுவும் அமையவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. பவானியில் ஜமக்காளம் வியாபாரம் செய்கிற குடும்பம். தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்துவந்து விருந்து வைத்து, புதுத்துணி எடுத்துக் கொடுத்து, அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் இருந்த பெருமை அந்தப் பலகைகள்தான் என்பதால் அவரை அணைக்கும் கூட்டிப்போனார். என் கணவருக்குப் பிடித்துவிட்டது. ஆறுகள் கலக்கிற கூடுதுறைப் பக்கம் வளர்ந்தவர், தண்ணீர் பயம் கிடையாது. லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து கற்றுக்கொண்டார். பலகை இரண்டுதான். ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று மாப்பிள்ளையுடையது என்று ஆயிற்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை, தானாகவே ஆனது. நான் அம்மாவோடு கரையில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நாளில் அவர்களுக்குள் போட்டி ஆரம்பித்தது. மாப்பிள்ளைதான் ஜெயித்தார். அடுத்த ஆடியிலும் அவர்தான், அதற்கடுத்ததிலும் அவர்தான். “மாப்பிள்ளைங்க கையில காத்து தானா வந்து நிக்குதுங்க” என்பார் அப்பா. கணவர் வெட்கத்தோடு “அதெல்லாம் இல்லீங்க மாமா” என்பார். கரையிலிருந்து பார்த்த எனக்கு விஷயம் முதல் தடவையே தெரிந்துபோயிற்று. மலை டிரம் வரை அப்பா முன்னால் இருப்பார். சுற்றியபின் அவருடைய பலகை ஒருக்களித்துத் தள்ளாடிக்கொண்டு வரும். கத்தியை ஏற்றியிருக்க மாட்டார். வீட்டு மாப்பிள்ளையைத் தோற்கடிப்பதாவது! பந்தியில் அவருக்கு முன்னால் கை நனைக்காத மாமனார், தண்ணீரில் மட்டும் முந்திவிடுவாரா? நான் யாரிடமும் சொல்லவில்லை. பாவம், கணவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அப்பா விட்டுக்கொடுக்காதது எனக்கு மட்டும்தான். நான் வீட்டு ஆள்.

இப்படியே பல ஆடிகள் போயின. ஒரு வருடம் கணவர் சரக்கு விஷயமாக வெளியூர் போக வேண்டி வந்தது. நான் மட்டும் வந்தேன். “நாம ரெண்டு பேரும் போயி எவ்வளவு நாளாச்சுங்கப்பா, இன்னிக்கு ஒரு ரவுண்டு போலாங்க” என்றேன். அப்பா பாயைத் தடவிப் பார்த்தார். காற்று போதாது என்றார், பாய் பழசாகிவிட்டது என்றார். நான் விடுவதாக இல்லை. கடைசியில் இறங்கினார். பலகையில் ஏறி நின்றதும் எனக்குக் கால்கள் எல்லாவற்றையும் தாமாகவே ஞாபகப்படுத்திக்கொண்டன. காற்றை வெட்டி ஏறும்போது பத்துப் பன்னிரண்டு வருடத்துக் கல்யாணமும் குழந்தைகளும் பின்னால் எங்கோ கரையில் நின்றன. மலை டிரம்மில் அப்பா எனக்கு ஒரு பலகை நீளம் முன்னால் இருந்தார். சுற்றினோம். நான் கத்தியை உதைத்து ஏற்றினேன். அவர் பக்கம் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. அப்பா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு நிமிர்ந்து, கத்தி கீழே இருக்கும்படியே, தள்ளாடும் பலகையில் வந்தார். நான் அவரைத் தாண்டிக் கரை சேர்ந்தேன்.

“அம்மணி ஜெயிச்சுப்போட்டா!” என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார் அப்பா. பிசகில்லாமல், மாப்பிள்ளையிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்னையும் விருந்தாளி ஆக்கிப்போட்டீங்களாப்பா?” என்று கேட்டேன். அவர் சிரிப்பு ஒரு நொடி நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, “பின்ன? கட்டிக் குடுத்த பொண்ணு விருந்தாளிதான கண்ணு” என்றார். அன்று பவானி போகிற வழி முழுக்க அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன். அடுத்த ஆடிக்கு அலுவலகத்தில் லீவில்லை என்று சொன்னேன், அதற்கடுத்த ஆடிக்குக் குழந்தைகளின் பரீட்சை. அப்பாவும் வற்புறுத்தவில்லை. பலகைகள் கார் ஷெட் உத்தரத்தில் ஏறிவிட்டன.

நாலைந்து வருடம் கழித்து அப்பா நடையில் தடுக்கி விழுந்தார் என்று அம்மாவிடமிருந்து போன் வந்தது. நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். இடது காலைத் தூக்கச் சொன்னார், முன்பாதம் தொங்கியது. சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இது இப்ப வந்ததில்லையே, எப்ப இருந்து இப்படி?” என்று கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள்: “அது ஆச்சுங்க டாக்டர், கொஞ்ச வருசம். செருப்புக் கழண்டு கழண்டு போகுதுன்னு வார் வெச்ச செருப்பா வாங்கிக்கிட்டாரு. அம்மணியும் அவரும் கடைசியா அணைக்குப் போனாங்கல்ல, அதுக்கு மிந்தியே எப்பவோ ஆரம்பிச்சுருச்சுங்க. ஆருகிட்டயும் சொல்லப்படாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாரு.”

அந்த அறையில் எனக்கு, அன்றைக்குப் பலகையில் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா தெரிந்தார். அவர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. உதைத்துப் பார்த்திருக்கிறார். கால் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து மரியாதையை ஊரே புகழும். அதில் ஒரு ஆபத்து இருப்பதை யாரும் சொல்வதில்லை. தோற்பதையே மரியாதையாக வைத்திருக்கிற வீட்டில் ஒருவர் உண்மையிலேயே தோற்கும்போது யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு சந்தேகமும் வராமல் பார்த்துக்கொள்ள அப்பாவுக்கு அது வசதியாக இருந்தது. நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவதைவிடக் கோபப்படுவது மேல் என்று நின்ற நிலையில் முடிவு செய்திருக்கிறார். நானும் அவர் கொடுத்த கோபத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். கரையில் அவரைக் கைபிடித்து ஏற்றிவிட்டிருக்கலாம். பலகையில் எனக்கு முன்னால் உட்காரவைத்து ஓட்டிப் போயிருக்கலாம், அது இரண்டு பேரைத் தாங்கும். அத்தனை ஆடிகளும் அதற்கு இருந்தன. இதைக் கணவரிடம் சொன்னபோது அவர், “அப்ப நான் ஒரு தடவையாச்சும் நெசமா ஜெயிச்சனா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எந்த ஆடி வரை மரியாதை, எந்த ஆடியிலிருந்து கால் என்பது அப்பாவுக்குத்தான் வெளிச்சம்.

இந்த ஆடியில் அவரை அணைக்குக் கூட்டிப்போனேன். இப்போது கைத்தாங்கல் இல்லாமல் நடக்க முடியாது. மில் கைமாறிவிட்டது, விடுதி பூட்டிக் கிடக்கிறது. கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, நான் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்தேன். நீர் நிறைந்து அலையடித்துக் கிடந்தது. டிரம் ஒன்றும் இல்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் வந்தேன், வாய் கேட்டுவிட்டது.

“அந்த வருசம் கத்தி ஏறலீங்களாப்பா?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். “ஏறாம என்ன? நாந்தான் ஏத்தல. புள்ள ஆசப்பட்டு வந்திருக்கறா, ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு உட்டுப்போட்டேன்.”

அவர் விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தன. டாக்டர் சொன்னதைச் சொல்லலாம், அம்மா சொன்னதைச் சொல்லலாம். காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது, வெட்டித்தான் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

“தெரியுமுங்கப்பா” என்றேன். “நீங்க உட்டுக்குடுக்காம உங்கள நா ஜெயிக்க முடியுங்களா?”

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போலாம் அம்மணி” என்றார். “காத்து ஜாஸ்தியா இருக்குது.”

காற்று ஜாஸ்தி என்று அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.