கிளிசரின் போத்தல்

கல்யாண வீட்டு வீடியோக்களை வெட்டித் தொகுப்பதுதான் என் வேலை. கிளிநொச்சி நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு கணினி, இரண்டு கதிரைகள், ஒரு மின்விசிறி. யன்னல் இல்லை. ஒரு நாள் முழுக்க நடந்த சடங்கை ஒரு மணி நேரத்துக்குள் அடக்குவதற்கு நானும் நாள் முழுக்க அங்கே குந்தியிருக்க வேண்டும். அந்த இருப்பில் சிகரெட் பழகி இருபது வருடமாகிவிட்டது. வீடியோ பார்க்க வரும் மணப்பெண்ணின் தாய்மார் வாசலிலேயே நின்று மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "தம்பி, வெளியிலை கொண்டுவந்து காட்டுங்கோ" என்பார்கள்.

என் மனைவி ஒன்றும் சொல்வதில்லை. என் சட்டைகளைத் தனியாகத் தோய்ப்பாள். அது போதாதா எனக்கு விளங்க.

போன வருடம் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த அவளுடைய அண்ணன் எனக்கு ஒரு வேப் கருவியைத் தந்தார். பேனாவைவிடக் கொஞ்சம் தடிப்பு. உள்ளே விடும் திரவம் சூடாகி ஆவியாக வரும். அதை இழுத்து விடலாம். வெறும் ஆவிதான் என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்தத் திரவம் கிடைக்காது என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ஏன் கடையைத் தேடுறீர்? நான் வீட்டிலைதான் கலக்கிறனான். நீரும் கலக்கலாம்."

போகும்போது ஒரு பையை விட்டுவிட்டுப் போனார். மாம்பழ வாசனை ஒரு குப்பி, ஏலக்காய் வாசனை ஒரு குப்பி, தண்ணீர் போல ஓடும் கிளைக்கோல் ஒரு போத்தல், பிறகு விரலளவில் ஒரு கறுப்புக் குப்பி. அதில் இருந்தது நிக்கொட்டீன்.

"இது நஞ்சு. கையுறை போடாமல் தொடாதையும். கலந்த உடனை என்ன எண்டு எழுதி ஒட்டும். ஆருக்கும் எட்டாத இடத்திலை வையும்."

"ஓம் மச்சான், ஓம்" என்றேன். கலவைக்கு வேண்டிய கிளிசரின் மட்டும் நானே பாமசியில் வாங்கிக்கொண்டேன்.

முதல் கலவையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், குசினி மேசையில் கலந்தேன். துளிகளை அளக்காமல் கண் மட்டத்துக்கு விட்டேன். மூன்று இழுவை இழுத்திருப்பேன். விக்கல் தொடங்கியது. பிறகு வேர்த்தது, பிறகு குசினியே சுற்றியது. குளிர்ந்த சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கிடந்தேன். கோயிலால் வந்தவள் வீபூதித் தட்டோடு நின்று பார்த்தாள்.

"என்ன, காலமையே தண்ணியோ?"

"இல்லையப்பா. பித்தம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த கிழமையே ஊசி இல்லாத சிரிஞ் ஒன்று வாங்கி, கொப்பியில் கணக்குப் போட்டு, ஒவ்வொன்றையும் அளந்து கலந்தேன். இந்தமுறை சரி வந்தது. மாம்பழ வாசனை. தொண்டையில் இலேசான ஒரு உறைப்பு, அவ்வளவுதான். அன்றைக்குச் சிகரெட் பெட்டியை நான் திறக்கவே இல்லை என்பது பின்னேரம்தான் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் ஒருநாளும் தேறாத எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிந்தது.

கலந்ததை ஊற்றி வைக்க நல்ல போத்தல் இருக்கவில்லை. கிளிசரின் போத்தல் முடிந்து வெறுமையாகக் கிடந்தது. அதற்குள்ளேயே ஊற்றி மூடி, அறை அலுமாரியில் என் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியே 'கிளிசரின்' என்ற ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. எழுதி ஒட்ட வேண்டும் என்று மச்சான் சொன்னது நினைவில்தான் இருந்தது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை. சின்னக் கைகள் இல்லாத வீட்டில் பூட்டு, ஒளிப்பு என்ற யோசனை யாருக்கு வரும்?

என் மனைவி வீட்டிலிருந்து கேக் செய்து கொடுப்பவள். அந்த மாதம் அக்கராயனில் வயல் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பம், தங்கள் மகனின் முதலாவது பிறந்தநாளுக்கு ட்ரக்டர் வடிவில் கேக் கேட்டிருந்தது. மூன்று நாளாக வீட்டில் அதே கதைதான். சில்லுக்கு என்ன நிறம், இருக்கை எப்படி நிற்கும், இறுக்கமான ஐசிங் எவ்வளவு அடிக்க வேண்டும்.

கேக் கொடுக்க வேண்டிய அன்று நான் காலையிலேயே அறைக்குப் போய்விட்டேன். போனைச் சத்தமில்லாமல் வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். பின்னேரம் மூன்று மணிபோல் தேத்தண்ணீர் குடிக்க எழும்பியபோதுதான் அவள் காலையில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, என்ரை கிளிசரின் முடிஞ்சுபோச்சு. உங்கடை அலுமாரிக்கை ஒரு போத்தல் கிடக்குது. அதை ஐசிங்குக்கு எடுக்கிறன். வரேக்கை புதுசு ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஐசிங் கல்லாக இறுகாமலிருக்க அவள் கிளிசரின் விடுவாள். இது எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் அந்தப் போத்தலை அந்த வீட்டில் வைத்திருந்தேன்.

போன் எடுத்தேன். அவளுடைய போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொருமுறை. இன்னொருமுறை. தேத்தண்ணீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டிக்கிடந்தது. என்னிடமிருந்த திறப்பால் திறந்து குசினிக்குள் போனேன். கேக் இல்லை. தொட்டியின் விளிம்பில் அந்தப் போத்தல் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

அக்கராயனுக்கு அரை மணி நேர ஓட்டம். வழியில் என்னென்ன நினைத்தேன் என்று எழுத விருப்பமில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்கு முதல் துண்டை யார் ஊட்டுவார்கள், தகப்பனா தாயா என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. இடையில் இரண்டுமுறை நிறுத்திப் போன் எடுத்தேன். பதில் இல்லை. வீடு எதுவென்று தெரியாது. குளத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு வேலியில் பலூன் கட்டியிருந்தது. வாசலில் அவளுடைய ஸ்கூட்டி நின்றது.

முற்றத்தில் முப்பது பேராவது இருப்பார்கள். நடுவில் மேசை. மேசையில் பச்சை ட்ரக்டர். மெழுகுதிரி அணைந்து புகை போய்க்கொண்டிருந்தது. தாயின் இடுப்பில் பிள்ளை. தகப்பன் பிள்ளையின் கையோடு சேர்த்துக் கத்தியைப் பிடித்திருந்தார்.

"வெட்டாதேங்கோ!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். கதிரைகளுக்குப் பின்னால் நின்ற மனைவி என்னைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள். நான் நேரே அவளிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அந்தப் போத்தலை ஐசிங்குக்கை விட்டனீரோ?"

"எந்தப் போத்தல்? என்ன இது, எல்லாரும் பாக்கினம்."

"என்ரை அலுமாரிப் போத்தல். விட்டனீரோ இல்லையோ?"

"இல்லை. அது கிளிசரினே? தண்ணி மாதிரி ஓடிச்சுது. மாம்பழம் மணத்துது. பழுதாப்போச்செண்டு தொட்டிக்கை ஊத்திப்போட்டுக் கழுவி வைச்சன்."

"நாக்கிலை வைச்சுப் பாத்தனீரோ?"

"மணந்துதான் பாத்தன். ஏன்? அது என்ன?"

பக்கத்திலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். தகப்பன் இன்னும் கத்தியோடு நின்றார்.

"என்னண்ணை, ஏன் வெட்ட வேண்டாமெண்டனீங்கள்?"

என்ன சொல்வது? சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுத்து உயர்த்தினேன்.

"வீடியோ எடுக்கத்தான் ஓடி வந்தனான். இது எங்கடை அன்பளிப்பு. இப்ப வெட்டுங்கோ."

முற்றம் முழுக்கச் சிரித்தது. ஒருவர் கை தட்டினார். நான் போனைப் பிடித்தேன். படம் ஆடிய ஆட்டத்தில், பிறகு போட்டுப் பார்த்தபோது ட்ரக்டர் உண்மையாகவே ஓடுவது போல இருந்தது.

தகப்பன் கத்தியை அழுத்தினார். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். டக் என்ற சத்தத்தோடு ஐசிங் ஓடு போல வெடித்தது. ஒரு சில்லு கழன்று மேசையில் உருண்டது. மனைவியின் முகம் சிவந்துவிட்டது. கிளிசரின் இல்லாமல் அடித்த ஐசிங் வேறு எப்படி இருக்கும்? எனக்கோ அந்த டக் என்ற சத்தத்தை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிள்ளைக்கு உள்ளேயிருந்த மெதுவான கேக்கைத் தாய் கிள்ளி ஊட்டினாள். அவன் இன்னும் கேட்டு வாயைத் திறந்தான். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். ஐசிங்கைக் கடித்து நொறுக்கித் தின்றேன்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், குசினித் தரையில் கிடந்த ஞாயிற்றுக்கிழமை உட்பட. அவள் அறுவடை முடிந்த வயலைப் பார்த்தபடி நின்றாள்.

"வெறும் ஆவி எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா நான் உயிரோடை இருப்பனே?"

அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ரை ஐசிங்தான் நாசமாப்போச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் தொடங்கினாள். நானும் சிரித்தேன். ரோட்டில் போனவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ. வீடு வரைக்கும் அவளுடைய ஸ்கூட்டிக்குப் பின்னால் மெதுவாக வந்தேன். வயல் காற்று முகத்தில் பட்டது. அவ்வளவு சுகமான காற்றை நான் எப்போது வாங்கினேன் என்று நினைவில்லை.

அடுத்த நாள் கறுப்புக் குப்பியை இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி, கிளிசரின் வாங்கிய பாமசிக்குக் கொண்டுபோனேன். விசயத்தைச் சொன்னதும் அங்கிருந்த அம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

"வீட்டிலை குழந்தையள் இருக்கோ?"

"இல்லை. ஆனா பக்கத்திலை எல்லா இடத்திலையும் இருக்குது."

அவர் தலையாட்டினார். காலாவதியான மருந்துகளை அழிக்க அனுப்பும் பெட்டியைத் திறந்து, குப்பியை அதற்குள் வைத்து மூடினார்.

கலப்பதை நான் முற்றாக விடவில்லை. கிளிசரின், கிளைக்கோல், வாசனை, அவ்வளவுதான் இப்போது. அதையும் வீட்டில் அல்ல, வேலை அறையில்தான். ஒவ்வொரு போத்தலிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறேன். நிக்கொட்டீனும் சிகரெட்டும் இல்லாத முதல் இரண்டு கிழமையும் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். பிறகு அதுவும் அடங்கியது. மனம் சிகரெட் கேட்காத நாட்கள் உண்டு என்று சொன்னால் பொய். கேட்கிறது. ஆனால் போன மாதம் ஒரு மணப்பெண்ணின் தாய் வந்து, சேலைத் தலைப்பைத் தொடாமல், உள்ளே கதிரையில் இருந்து, மகளின் கல்யாணம் முழுவதையும் அழுது அழுது பார்த்துவிட்டுப் போனார்.