முதல் பகுதியின் கடைசி வரி

காலை ஆறு இருபது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் பாதையில் நான் முதலில் பார்த்தது, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மரப்பெஞ்சு. சாரல் பெய்துகொண்டிருந்தது. அருவியில் நல்ல தண்ணீர். குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் எல்லோருக்கும் ஆள் இருந்தது. அந்தப் பெஞ்சுக்காரர் மட்டும் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் பாட்டில்கள் கூடையில் மூடி திறக்காமல் இருந்தன.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தென்காசியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சிறிய இணையதளம் நடத்துகிறேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு கோப்பு. நானே எழுதி நானே ஏற்றுவேன். போன சீசனில் ஒரு பயணி, இந்தப் பெஞ்சுக்காரர் எண்ணெய் தேய்த்ததால் முதுகு கொப்பளித்துவிட்டது என்று சத்தம் போட்டார். போய் விசாரித்தேன். முந்தின நாளே லாட்ஜில் அந்தப் பயணி வலிக்கான களிம்பைத் தடவி, அதன் மேல் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்திருந்தார். அதுதான் காரணம் என்றார் முதுகைப் பார்த்த டாக்டர். பயணியும் ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையாக, நீளமாக எழுதினேன். அது தளத்தில் கிடந்தவரை இவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

போனில் தள்ளத் தள்ள முடியவே மாட்டேன் என்கிறது என்று வாசகர்கள் சிலர் இந்த ஆண்டு குறைப்பட்டார்கள். நீண்ட கட்டுரைகளைப் பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் அடுத்த பகுதிக்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கினேன். இவரைப் பற்றிய கட்டுரை மூன்றானது. எங்கே வெட்டுவது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. தொடர்கட்டுரைகளை, வாசகர் மறுவாரமும் பத்திரிகை வாங்கும்படியான இடத்தில் நிறுத்திப் பழகிய கை. டாக்டர் சொன்னது வருவதற்கு முன்பே முதல் பகுதியை நிறுத்தினேன். முடிவு மொட்டையாகத் தெரிந்தது. முழுக் கட்டுரையில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘அந்த எண்ணெயில் என்னதான் இருந்தது?’

இணைப்புகள் சரியாகத்தான் வேலை செய்தன. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் முதல் பகுதி மட்டும் சுற்றியது. கடல் தாண்டியும் போயிற்று.

டீக்கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்தார். “வாங்க அண்ணாச்சி. நாலாம் பகுதி எளுதவா வந்திய?”

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சுக்காரர் எனக்கும் ஒரு டீ சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று பகுதியையும் வாசித்தீர்களா என்று கேட்டேன். கேட்டவுடனே, எனக்காகத்தான் அதைக் கேட்கிறேன் என்று தெரிந்தது.

“நான் வாசிச்சேன். எம் மருமவளும் வாசிச்சா. முதுகக் காட்ட வாறவன் மூணையும் வாசிச்சிட்டா வாறான்?” என்றார். டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு, “எங்க மூத்தவன் சார்ஜாவுல இருந்து போன் பண்ணுதான். ‘எப்பா, எண்ணெயில என்னத்தக் கலந்திய?’ங்கான். பெத்த பிள்ள கேக்குதான் அண்ணாச்சி.”

நான் எழுதிய கேள்வியைத்தான் மகன் தகப்பனிடம் கேட்டிருந்தான்.

வீடு திரும்பியதும் மூன்றையும் பழையபடி ஒன்றாகச் சேர்த்தேன். டாக்டர் சொன்னதை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். நான் சேர்த்த வரியை எடுத்தேன். முதல் பகுதியின் முகவரியைத் திறந்தாலும் முழுக் கட்டுரையே வரும்படி செய்தேன். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் இதற்குள் பலர் அந்தப் பக்கத்தைப் போன் திரையிலேயே படம்பிடித்து அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மேலே கொப்பளித்த முதுகின் கதை, கீழே அந்த வரி. படத்தில் எந்த இணைப்பையும் தொட முடியாது. எனக்கே இரண்டு பேர் அனுப்பினார்கள், எழுதியது நான் என்று தெரியாமல். முழுக் கட்டுரையை அவர்களுக்குப் பதிலாக அனுப்பினேன். ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். வாசித்தாரா என்று கேட்கவில்லை.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் குற்றாலம் போனேன். பெஞ்சு கவிழ்ந்தே கிடந்தது. மூன்றாம் முறை போனபோது பெஞ்சு இல்லை. அந்த இடத்தில் ரம்புட்டான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.