அணுகுண்டுப் படம் போட்ட அமைதிப் பலகை

டிவி சத்தத்தில் தேர்வுக்குப் படிக்க முடியாத என்னைப் போன்ற பெண்களுக்காக, எங்கள் ஊர் நூலகத்தில் ஓர் அறை கட்டத் தொடங்கினார்கள். பணமில்லாமல் அது சுவரோடு நின்றது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் நன்கொடை கேட்கும் பொறுப்பைப் பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.

அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி முதலாளி உடனே சம்மதித்தார்.

"கூரைய நான் போட்டுத் தாரேன் தாயி. எங்க பேரு எங்கன வரும்?"

மின்விசிறி, மேசை, கடிகாரம் எல்லாவற்றிலும் வேறு பெயர்கள் ஏறியிருந்தன. மிச்சமிருந்தது ‘அமைதி காக்கவும்’ பலகைதான்.

"அது போதும் அண்ணாச்சிக்கு," என்று சிரித்தார்.

திறப்பு விழாவன்று வாசலில் சரவெடி அதிர்ந்தது. உள்ளே ‘அமைதி காக்கவும்’ என்ற எழுத்துக்கு மேல், அவர் கம்பெனி முத்திரையான, திரி எரியும் அணுகுண்டு வெடியின் படம். அதன் கீழேயே விருந்தினர்கள் நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போட்டு, செல்போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைத் தினமும் பெட்டிகளில் ஒட்டுகிறவள். பார்த்ததும், மருந்து அறைக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றினாள். உராய்ந்தால் தீப்பொறி பறக்குமென்று பயந்து பழகிய கைகளால் ஒரு நாற்காலியை ஓசையின்றித் தூக்கி வைத்தாள்.

"ஐயா, இழுக்காதீக. தூக்கி வைங்க."

"ஏன், இங்கன வெடிமருந்தா இருக்கு?" என்றார் ஒருவர்.

"எம்மக படிக்கிற எடம்யா. அம்புட்டுச் சூதானம் வேணும்."

செல்போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பலகையை மாற்றச் சொல்லலாம் என்று நினைத்திருந்த நான், புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதன் கீழேயே உட்கார்ந்தேன்.