பத்மஜாவின் ராம்சார் பஜனை

மும்ப்ரா ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்ததும் பத்மஜா தொண்டையைச் செருமுவாள். முந்திச் செருமினால் காரியம் கெட்டது. சுஷ்மா தாயி, எங்கள் பஜனை கோஷ்டியின் அக்கா, மடியில் வைத்திருக்கும் ஜால்ராவைக் கையில் எடுப்பார். "லோணார் ஏரி சரணம், நாந்தூர் மத்மேஷ்வர் சரணம்" என்று பத்மஜா எடுத்துக்கொடுக்க, நிற்கிறவர், உட்கார்ந்திருக்கிறவர், கொத்தவரங்காய் நறுக்குகிறவர் என்று பெண்கள் பெட்டியே வாங்கிப் பாடும். "தாணே க்ரீக் சரணம்" என்ற அடி, கல்வா தாண்டி வண்டி அந்த உப்பங்கழிப் பாலத்தில் ஏறும்போது வந்து விழ வேண்டும். விழுந்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுபோனால், அது நகரும் வரை நாந்தூர் மத்மேஷ்வரையே திரும்பத் திரும்பப் பாட வேண்டியதுதான். ஒரு மழை நாளில் அந்த ஒரே ஊரைப் பாடிப் பாடி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இது சாமி பாட்டு இல்லை. ராம்சார் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. உலகம் பூராவும் காப்பாற்றியே ஆகவேண்டிய ஏரி, குளம், சதுப்புகளை எல்லாம் அதில் சேர்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் எவையெவை சேர்ந்திருக்கின்றன என்று சிவில் சர்வீஸ் முதல்நிலைப் பரீட்சையில் கேட்பார்களாம். பத்மஜா அதற்குத்தான் படிக்கிறாள். அவள் படிக்கிறாள் என்ற பாவத்துக்காக டோம்பிவிலியிலிருந்து கிளம்பும் அத்தனை பெண்களும் படிக்கிறோம்.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண் அவள். அப்பா ரிடையர் ஆனதும் குடும்பம் டோம்பிவிலிக்கு வந்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் மட்டும் மாட்டுங்காவிலேயே தங்கிவிட்டது. நான் அதே பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருவரும் ஒரே வண்டி. "ஆகஸ்ட் கடைசில நேக்கு முப்பத்திரண்டு ஆறது டீச்சர். இதுதான் கடைசி அட்டெம்ப்ட். அதுக்கப்பறம் கவர்ன்மென்டுக்கு நான் வேண்டாம், ஃபினிஷ்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு முடிந்த பிறகும் பல்லை மூட மறந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

காலை நேரத்து லோக்கலில் புத்தகம் விரிக்க முடியுமா? இரண்டு கையும் மேலே கைப்பிடியில். அப்புறம் புத்தகத்தை யார் தலையில் வைப்பது? வாயும் காதும்தான் மிச்சம். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே சுஷ்மா தாயியின் பஜனை கோஷ்டி ஒன்று மராத்தி பக்திப் பாட்டான அபங்கம் பாடிக்கொண்டிருந்தது. அவரிடம் போய்ப் பத்மஜா பேரம் பேசினாள். இரண்டு அபங்கம் ஆனதும் ஒரு கரண்ட் அஃபேர்ஸ். "சாலேல், பண் சால் மாஜீ" என்றார் அவர். சரி, ஆனால் மெட்டு என்னுடையது என்று அர்த்தம். அன்றிலிருந்து வட்டி விகிதம் தாலாட்டாகவும், புவிசார் குறியீடு பெற்ற பொருட்கள் மங்கள ஆரத்தியாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. சேலம் ஜவ்வரிசிக்கு ஆரத்தி எடுத்த ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

மற்ற நேரத்தில் மட்டும் அவள் சாதாரணமாகவா இருக்கிறாள்? தாதர் வடாபாவ்காரரிடம், "பாவ், ஆஜ் கா நஹி, பிச்லே மஹினே கா பேப்பர் மே தேனா" என்பாள். போன மாதப் பேப்பரில்தான் கட்ட வேண்டும்; இன்றைய பேப்பரில் கட்டினால் அவளுக்கு வாசிக்க உதவாதாம், பரீட்சைக்கு வருவது பழைய செய்திதானாம். எண்ணெய் ஊறிய ஒரு சுற்றுச்சூழல் செய்தியை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்ததை நானே பார்த்திருக்கிறேன். தக்காளி விலை ஏறினால் முகம் மலர்ந்துவிடும். "ப்ரிலிம்ஸ்லயும் வரும், மெயின்ஸ்லயும் வரும்!" பெண் பார்க்க வந்த ஒரு பையனிடம், கூட்டுக் குடும்பத்தை ஆதரித்தும் எதிர்த்தும் வாதம் சொல்லச் சொன்னாளாம். அவன் எதிர்த்து மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். "பேலன்ஸ்டா இல்லை டீச்சர், அதான் வேண்டாம்னுட்டேன்" என்றாள். வேண்டாம் என்றது அவன்தான் என்று அவள் அம்மா பாகீரதி பிறகு என்னிடம் சொன்னார்.

இனி பானுமதி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. திருநெல்வேலிப் பக்கம். வாயைத் திறந்தால் அடுத்த பெட்டிக்குக் கேட்கும். ராம்சார் பாட்டில் மகாராஷ்டிரம் முடிந்து தமிழ்நாடு வரும். கோடியக்கரை, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று போய்க் கூந்தன்குளத்தில் முடியும். முடிகிற இடத்தில் தாளத்துக்கு ஒரு தட்டு மிச்சம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் பானுமதி அந்த இடத்தில், "ஆலடிக்குளம் சரணம்!" என்று ஒரு போடு போட்டாள். அடடா, என்ன கச்சிதமாக உட்கார்ந்தது! சுஷ்மா தாயி ஜால்ராவை உயர்த்தி, "வா வா!" என்றார். மறுநாள் முதல் ஆலடிக்குளம் இல்லாமல் பாட்டு முடியவே மாட்டேன் என்றது.

ஆலடிக்குளம் பானுமதியின் ஊர்க் குளம். ராம்சாருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பத்மஜா வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதுவாள். தமிழ்நாட்டில் எத்தனை என்று கேள்வி வந்தால், மனசுக்குள் பாடி விரல்விட்டு எண்ணுவாள். ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுதலாக வந்தது. ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று போகும்போது நினைவிருக்கும், எழுதும்போது பறந்துவிடும். தப்பான விடைக்கு இருக்கிற மார்க்கையும் பிடுங்குவார்கள். போன வருஷம் இம்மாதிரி ஏதோ ஒரு கேள்வியில்தான் அவள் கோட்டைவிட்டாள். அதனால் பரீட்சைக்குச் சில நாள் முன்பு, வண்டியில் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டாள்.

"பானு, தப்பா எடுத்துக்காதே. அந்த ஆலடிக்குளத்தை விட்டுடலாமா? நேக்குக் கணக்கு உதைக்கறது."

பானுமதியின் முகம் சுண்டிப்போனது. "எங்கூரு கொளத்துல தண்ணியுங் கெடயாது, கொக்குங் கெடயாது. பாதிய பிளாட்டு போட்டு வித்துட்டானுவ. சரி, பாட்டுலயாவது கெடந்துட்டுப் போவட்டும்னு பாத்தா, அங்கனயும் எடத்தக் காலி பண்ணச் சொல்லுதியே!"

பெட்டியில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. சுஷ்மா தாயி என்னிடம் இந்தியில் விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டு, குளத்தை எடுத்தால் தாளம் நொண்டும் என்று தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னார். எனக்கோ பத்மஜா மேல் எரிச்சல், பானுமதி மேலும் எரிச்சல். ஒரு பெண்ணின் கடைசிப் பரீட்சை, இன்னொருத்தியின் செத்துப்போன குளத்தில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறதே, இதற்கு யாரை வைவது?

பரீட்சைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. பாட்டு கூந்தன்குளத்துக்கு வந்தது. பானுமதி வாயை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டினாள். மற்றவர்களும் அவளைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். பத்மஜா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, ஒரு நாளும் இல்லாத குரலில், "ஆலடிக்குளம் சரணம்!" என்று தனியாகக் கத்தினாள். தாணே பிளாட்ஃபாரத்தில் நின்ற ஒருவர் பயந்து பையைக் கீழே போட்டார்.

"என்ன புள்ள நீ! நாளைக்குப் பரீட்சைய வச்சிக்கிட்டு!" என்று பானுமதி அவளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணைக் கழிக்கத் தெரியாத நான் கலெக்டர் ஆகி என்ன கிழிக்கப்போறேன்? நான் பாத்துக்கறேன், டென்ஷன் நகோ" என்றாள் பத்மஜா. அவளுக்குக் கழிக்கத் தெரியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரீட்சை ஹால் கண்காணிப்பு. உள்ளே போனால், ஜன்னலோர வரிசையில் பத்மஜா உட்கார்ந்திருக்கிறாள்! சொந்தக்காரர் யாராவது எழுதினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரே பெட்டியில் கூடப் பாடுகிறவர்களைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. இருவரும் தெரியாதவர்கள் போல் முகத்தை வைத்துக்கொண்டோம்.

முதல் ஒரு மணி நேரம் மடமடவென்று எழுதினாள். திடீரென்று நின்றாள். பேனாவைக் கீழே வைத்தாள். உடம்பு இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. வலது கை தானாக மேலே போய், அங்கே இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. ஐயோ, இந்தப் பெண் பாட ஆரம்பித்துவிட்டாளே! அவளுக்கு நடுவிலிருந்து வராது, முதலிலிருந்து பாடினால்தான் வரும். கை தூக்கியவளிடம் போய் நான் கேட்டாக வேண்டும்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் டீச்சர்" என்று முணுமுணுத்தாள். "மும்ப்ரா தாண்டிடுத்து."

நான் திரும்பி நாலடி நடப்பதற்குள் பட் பட்டென்று சத்தம். தாணே க்ரீக்! கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற மேற்பார்வையாளர் விறுவிறுவென்று வந்தார். "யே க்யா இஷாரா சல் ரஹா ஹை?" என்று அதட்டினார். யாருக்கு என்ன ஜாடை காட்டுகிறாய் என்று கேட்கிறார்.

"பிரார்த்தனா ஹை, சார்" என்றேன் நான்.

அவர் நம்பவில்லை. இன்னொரு தரம் கையை ஆட்டினால் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் அங்கிருந்தே அவளை முறைத்தபடி நின்றார். பத்மஜாவின் முகம் வெளுத்துவிட்டது. இனிமேல்தானே தமிழ்நாடு! விரல்விட்டு எண்ணாமல் அவளுக்கு அது வராது. விரலை விட்டால், விடையைச் சைகையில் சொல்வதாகத்தான் அந்த மனுஷர் நினைப்பார். என்னால் முடிந்ததைச் செய்தேன். அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, புடவைத் தலைப்பை அகலமாக விரித்து விசிறிக்கொண்டேன். செம்பூர்ப் புழுக்கத்துக்கு அது ஒன்றும் அதிசயம் இல்லை.

பத்மஜா இரண்டு கையையும் மடியில் இறக்கி மூடிக்கொண்டாள். உதடு லேசாக அசைந்தது. கோடியக்கரைக்குச் சுண்டுவிரல் நிமிர்ந்தது. பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று ஒவ்வொன்றாக நிமிர்ந்து, பத்தும் தீர்ந்து, கை மூடி, மறுபடி முதலிலிருந்து நிமிர்ந்தன. கூடவே நானும் மனசுக்குள் பாடினேன். கூந்தன்குளம் வந்தது. விரல்கள் மூடின. தாளத்தில் ஒரு தட்டு மிச்சம். அவளுடைய சுண்டுவிரல் தன்பாட்டுக்கு எழுந்து தனியாக நின்றது.

கழிடி, கழிடி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் மேற்பார்வையாளர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. பத்மஜாவுக்கும் கேட்டிருக்கும். அவள் அவசரப்படவில்லை. அந்த ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மேலே தூக்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மெல்ல மடக்கினாள். பேனாவை எடுத்து, ஒரே ஒரு வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள்.