பூஜை அறைக்குப் போன கிண்ணம்

ஊரெல்லாம் முழுப் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும்போது, உடைந்த ஓடுகளைத் தேடி அலைவதுதான் என் உத்தியோகம். தொல்லியல் ஆராய்ச்சி உதவியாளர் என்றால், "பர்மனென்டா?" என்பார்கள் சொந்தக்காரர்கள். டெம்பரரி என்றதும் பேச்சு முடிந்துவிடும். செய்கிற வேலையை விளக்கி விளக்கியே தொண்டை வறண்டவரா நீங்கள்? வாங்க, நம்ம கட்சி.

மேஸ்திரியின் எச்சரிக்கை

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் ஓடு வரும், ஓட்டுக்குப் பின்னால் நான் வருவேன். இரும்புலியூரில் ஒரு மனையில் பெரிய தாழி நொறுங்கிக் கிடந்தது. அதற்குள் ஒரு கிண்ணம், கீறல்கூட இல்லாமல். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, மண்ணில் மைக்கா மினுமினுப்பு. இந்தப் பக்கத்துக் களிமண்ணில் அந்த மினுமினுப்பை நான் பார்த்ததே இல்லை. எங்கிருந்தோ கைமாறிக் கைமாறி வந்த சரக்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரிதான் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்: "சார், தாழிக்குள்ள எலும்பு கீது. அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க, வேல நின்னுடும்."

மகாலட்சுமி வந்துவிட்டாள்

அந்தம்மா என்பது மனைக்காரி விஜயா டீச்சர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்ஷனில் பல வருஷம் குடியிருந்தவர். ஆணி அடிக்க அனுமதி கேட்கணும், விருந்தாளி வர அனுமதி கேட்கணும், பாதிக் குளியலில் ஹவுஸ் ஓனர் மோட்டாரை நிறுத்துவார். வெறுத்துப்போய்க் கணவரும் அவருமாக லோன் போட்டு வாங்கிய மனை.

கிண்ணம் அவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் அதைக் கேட்க அவர் வீட்டுக்குப் போனால், மண்ணிலிருந்து மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரிசி நிரப்பி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்! புதைகுழிக் கிண்ணம் என்று சொன்னால் அது என் கைக்கு வரும், ஆனால் அந்த மனையில் யார் குடிவருவார்கள்? சொல்லாவிட்டால் வீடு பிழைக்கும், என் கட்டுரை அம்பேல். வேறு ஊர் மண்ணாக இருக்கிறது, ஆராயணும் என்று மென்று விழுங்கினேன். டீச்சர் சிரித்தார். "வேற ஊர்னா என்ன சார், எவளாவது சீரா கொண்டு வந்திருப்பா."

உமியும் வேட்டியும்

அதே மாதிரி ஒன்று செய்து கொடுத்து அசலை வாங்கிவிடலாம் என்று யோசனை. உமிமேல் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். படிக்க எவ்வளவு சுலபம்! சுடாத கிண்ணங்களை வாங்கி வந்து கொல்லையில் மூட்டம் போட்டேன். சிலது வெடித்தது, மிச்சம் கரிச்சட்டியாக வந்தது. அவர்கள் தீயை எப்போது மூடினார்கள், எப்போது திறந்தார்கள் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புகைக்குள்ளிருந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "ஆராய்ச்சி நடக்கட்டும் சார், என் வேட்டி இந்தப் பக்கம்தான் காயுது."

கிரகப்பிரவேசம்

வீடு முடிந்தது, பால் பொங்கியது. டீச்சர் அந்தக் கிண்ணத்தில் பாலை ஊற்றி, முதல் வாய் மாமியாருக்குக் கொடுக்கக் கிளம்பினார். அதற்குமேல் தாங்கவில்லை எனக்கு. குறுக்கே பாய்ந்து, புதைகுழி, தாழி, எலும்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமியார் பின்வாங்கினார். மேஸ்திரியைக் காணோம். ஐயோ, ஒரு குடும்பத்தின் வீட்டை வாயாலேயே இடித்துவிட்டோமே!

டீச்சர் சுவரில் தானே அடித்த ஆணியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு பாலைக் கீழே ஊற்றிவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க சார். நாங்க இங்கதான் இருப்போம். செத்தவங்க மோட்டாரை நிறுத்த மாட்டாங்க."

கட்டுரையில் 'திருமணச் சீராகவும் வந்திருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தேன், அது அச்சில் வந்தது, நானோ இன்னும் டெம்பரரியாக, வாடகை வீட்டில், உடம்பெல்லாம் சோப்போடு மோட்டார் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.