நீல ஊற்று இருந்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு வரைபட நிறுவனத்தில் வேலை செய்தேன். கனடாவின் மேற்கே உள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தின் பழைய இடவிளக்கப்படங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். நான் குடியிருந்த டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் பிடித்துப் போய், கண்ணால் காணாத ஊரின் வேலிகளைக் கோடு கோடாக வரைந்துகொண்டிருந்தேன்.

ஒரே இடத்துக்கு இரண்டு படம் இருக்கும். பழையதில் ஒரு மாட்டுப்பண்ணை வீடு, பட்டி, பக்கத்தில் நீல நிறத்தில் ஓர் ஊற்று. புதியதில் எண்ணெய்க் கிணறுகள், அவற்றுக்குப் போகும் நேர் ரோட்டுகள். வீடு இருந்தது, நீலத்தைக் காணவில்லை.

அந்த வீட்டுக்காரப் பெண்மணி ஒருநாள், படத்தின் ஓரத்தில் இருந்த நம்பரைப் பார்த்து எங்களுக்கு ஃபோன் எடுத்தார். எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு ஊற்று வற்றிவிட்டதாம். நட்டஈடு கேட்டால், அங்கே ஊற்றே இருந்ததில்லை என்று எண்ணெய்க் கம்பனி சொல்கிறதாம். தண்ணீர் இல்லாவிட்டால் மாடுகளை விற்க வேண்டும், பழைய படத்தை நகலெடுத்து ஒரு கொப்பி தா என்றார்.

மனேஜரிடம் கேட்டேன். "எங்களுக்கு வேலை தருவதே அந்தக் கம்பனிதான். பழைய படம் வெளியே போகாது" என்றார், தேத்தண்ணீரை ஆற்றியபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டுக் காணி விற்றாலும், கிணற்றுப் பங்கைக் காணி உறுதியில் எழுதாமல் எவனும் கையெழுத்து வைக்கமாட்டான். பங்குத் தண்ணீருக்காகக் கூடப்பிறந்தவர்களே வழக்கு வைத்துக் கோடேறுவார்கள். இவர்களோ முழு ஊற்றையும் விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்!

அடுத்த மேசையில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் இருந்தார்.

"பிள்ளை, உதுக்குள்ளை தலையைக் குடுக்காதை. ஊரிலை எங்கடை காணிக்குள்ளையே ஆமி நிக்குது. நீ ஆரோ ஒருத்தியின்ரை ஊற்றுக்கு நிக்கிறாய்."

"அதாலதான் அண்ணை அனுப்பப்போறன்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொப்பி எடுத்துத் தபாலில் போட்டேன். யாருக்கும் தெரியவரவில்லை.

சில மாதங்களின் பின் அந்தப் பெண்மணி மறுபடி ஃபோனில் பேசினார். படத்தைத் தந்தது யாரென்று அவர் வெளியே சொல்லவில்லை. படத்தைக் கண்டதும் கம்பனி வாயை மூடிக்கொண்டதாம். ஆனால் வற்றிய ஊற்றை யார் திருப்பித் தருவது? மாடுகளை விற்றுவிட்டார். நிலத்தையும் கம்பனியே வாங்கிக்கொண்டது. எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பதிப்புக்கு அதே படம் என் மேசைக்கு வந்தது. வீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம், எடுத்துவிடச் சொல்லி.

"அங்கே இப்போது வீடு இல்லை, கம்பனி இடித்துவிட்டது. படம் சரியாக இருக்க வேண்டாமா?" என்றார் மனேஜர்.

சரிதான், ஒரு பொய்யும் இல்லை. முதலில் இல்லாமல் ஆக்குவார்கள், பிறகு இல்லையென்று சரியாக வரைவிப்பார்கள். ஆத்திரத்தில் கண் கலங்கியது. வீட்டை அழித்தேன்.